அத்தான் விலக்கி வைத்த ரூட் சான்றிதழ்கள்

அத்தானுடைய அறைக் கதவில் 'தர மேலாளர்' என்று ஒரு பலகை இருந்தது. அது போதாதென்று அதன் கீழே 'மற்றும் நம்பகத்தன்மைத் தலைவர்' என்று இன்னொரு பலகையை அவரே செய்து மாட்டிக்கொண்டார். அப்படி ஒரு பதவி அந்தச் சோதனைக் கூடத்தில் இருந்ததும் இல்லை, யாரும் அவருக்குக் கொடுத்ததும் இல்லை. ஒருநாள் அந்தப் பக்கம் போன மாமனார், கூடத்தின் முதலாளி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று நகர்ந்துவிட்டார். மருமகன் விஷயத்தில் அவர் இதுவரை எடுத்த முடிவுகள் எல்லாம் இதற்குள் அடங்கும்.

அவர்கள் தொழில் எடைக்கற்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது. மருந்துக் கம்பெனியிலிருந்தும் நகைக்கடையிலிருந்தும் பார்சல் அனுப்புகிற இடங்களிலிருந்தும் கற்கள் பெட்டி பெட்டியாக வரும். வந்த கல்லை அதைவிட உசத்தியான ஒரு கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த உசத்திக் கல்லை அதற்கும் மேலான ஒரு கூடத்தில் சோதித்திருக்க வேண்டும். அந்தக் கூடத்துக் கல்லுக்கு அதற்கும் மேலே ஓரிடத்தில் சாட்சி இருக்க வேண்டும். இப்படி மேலே மேலே சாட்சி இருந்தால்தான் கல்லுக்கு மரியாதை. தொழிலில் இதற்கு ட்ரேசபிலிட்டி என்று பெயர். அத்தானுக்கு அந்தச் சொல் மிட்டாய் மாதிரி. காலையில் வாயில் போட்டால் மாலைவரை கரையாது.

இத்தனைக்கும் அவர் தராசு அறையில் ஒரு கல்லையும் எடுத்து வைத்தவர் அல்லர். ஒருமுறை மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்கிறதென்று பெட்டியிலிருந்த உசத்தியான ஆதாரக் கல் ஒன்றை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தார். இடுக்கியால் தொட வேண்டிய கல். அவர் வெறுங்கையால் தொட்டார். விரல் பிசுக்குப் பட்ட அந்தக் கல்லை மறுபடி மேல் கூடத்துக்கு அனுப்பிச் சோதித்து வாங்க வேண்டியதாயிற்று. நிறை என்னும் துறைக்கு அத்தான் நேரடியாக ஆற்றிய ஒரே பணி அது.

நிறுக்கிறவள் சின்னவள். மாமனாரின் இளைய மகள். அத்தான் கட்டியது மூத்தவளை. கருங்கல் மேடை, அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு, காற்று நேராக அடிக்காதபடி ஏ.சி. வாயில் கட்டிய துணி. அந்தச் சின்ன அறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வேலை பார்ப்பாள். கல் அறையின் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பாள். ஒரே கல்லைத் திரும்பத் திரும்ப வைத்து எடுப்பாள். கணினிகளைக் கட்டி மேய்ப்பதும் அவள்தான். இவ்வளவும் செய்து முடித்த சான்றிதழின் கீழே யார் கையெழுத்து? அத்தான் கையெழுத்து. கையெழுத்துப் போடும் அங்கீகாரம் அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. எந்தத் தராசில் எந்தக் கல் ஏறியது என்று தெரியாமலே, எழுத்துக்கு எழுத்து சுழி வைத்து, அடியில் இரண்டு கோடு இழுத்துப் போடுவார்.

இந்த ஆண்டு சின்னவளும் அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். மேலிடத்து மதிப்பீட்டாளர் வீடியோ அழைப்பில் வந்து அவளைக் கேள்வி கேட்பார். அவர் பரிந்துரைத்தால் கையெழுத்து அவளுக்கும் கிடைக்கும். இந்த முறை தவறினால் மறுபடி அடுத்த ஆண்டுதான். ஆனால் அப்பா இந்த ஆண்டோடு ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். "அதுக்குள்ள யாருக்குக் கையெழுத்து இருக்கோ அவங்க பாத்துக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டார். ஆக, இந்த அழைப்பில் தேறாவிட்டால் வாழ்நாள் முழுக்க அத்தானின் சுழிக்குக் கீழே நிறுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதைவிட எடைக்கல்லை விழுங்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் மதியம் அத்தான் தராசு அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காற்று புகுந்து திரையில் எண்கள் தாறுமாறாக ஓடின.

"சின்னு, ஒரு பெரிய மோசடியைப் பிடிச்சிட்டேன்."

"அத்தான், கதவு."

"கதவு கெடக்கட்டும். நம்ம கம்ப்யூட்டருக்குள்ள சான்றிதழ்னு ஒரு பட்டியல் இருக்கு, தெரியுமா? நேத்து இன்டர்நெட்ல ஒரு சொற்பொழிவு கேட்டேன். 'உங்கள் கணினி யாரை நம்புகிறது?'ன்னு. போய்த் தொறந்து பாத்தேன். ஐயையோ! பேர் தெரியாத கம்பெனியா வரிசையா உக்காந்திருக்கான்."

"ரூட் சர்டிபிகேட். இருக்கும்."

"இருக்கும்னு சாதாரணமா சொல்றே! ஒவ்வொண்ணா தொறந்து பாத்தேன்ல. யாருக்கு வழங்கப்பட்டது, ஒரு பேரு. யாரால் வழங்கப்பட்டது, அதே பேரு! தனக்குத்தானே எழுதிக்கிட்டிருக்கான்! அடுத்ததைப் பாத்தா அதுவும் அப்படியே. அத்தனை பேரும் திருட்டுப் பசங்க. ட்ரேசபிலிட்டியே இல்ல!"

சின்னவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். இந்த மனிதருக்கு எதையும் விளக்குவது நனைந்த துணியில் எழுதுகிற மாதிரி என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவர் கை கணினிக்குள் போய்விட்டது. சும்மா இருக்க முடியாது.

"அத்தான், உக்காருங்க. நீங்க ஒரு வெப்சைட்டுக்குப் போறீங்க. அது 'நான்தான் நிஜமான ஆளு'ன்னு ஒரு சான்றிதழை நீட்டுது. அதுல கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன். அவனுக்குச் சாட்சி மேல ஒருத்தன். இப்படியே போனா கடைசியா ஒரு இடத்துல நின்னுதானே ஆகணும்? அங்க நிக்கிறவன்தான் ரூட்டு. அவனுக்கு மேல ஆள் இல்ல, அதனால அவன் தனக்குத்தானே போட்டுக்கறான். ரூட்னா அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அவனை எப்படி நம்பறது?"

"கம்ப்யூட்டர் செஞ்சவங்க அவனை விசாரிச்சு, வருஷா வருஷம் தணிக்கை பண்ணி, பொறுக்கி உள்ள வச்சிருக்காங்க. தப்புப் பண்ணினா தூக்கிடுவாங்க. நம்ம வேலை என்னன்னா, புதுசா எவனாவது திருட்டுத்தனமா அதுக்குள்ள வந்து உக்காந்திருக்கானான்னு பாக்கறது. அவ்வளவுதான். இருக்கறதைத் தொடாதீங்க."

அத்தான் ஒரு சிரிப்புச் சிரித்தார். வகுப்பில் பின் வரிசைப் பையன் தப்பாகப் பதில் சொன்னால் வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

"நீ சின்னப் பொண்ணு. நம்ம கூடத்துல ஒரு கல்லை அதே கல்லை வச்சுச் சோதிச்சு 'சரியா இருக்கு'ன்னு எழுதினா ஒத்துக்குவியா? போதாக்குறைக்குச் சிலது காலாவதி வேற ஆயிருக்கு. காலாவதியான சான்றிதழ் நம்ம கூடத்துலயா! நாளைக்கு மதிப்பீட்டாளர் வந்து பாத்தா யார் மூஞ்சில கரி?"

"அது பழைய புரோகிராமுக்கெல்லாம் வேணும் அத்தான். தயவு செஞ்சு…"

"நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தான். கதவைச் சாத்தாமல் போனார்.

'நான் பாத்துக்கறேன்' என்று அவர் சொன்ன எதையும் அவர் பார்த்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஒழுகுகிற குழாய், மூத்தவளுடைய பல்வலி, அப்பாவின் கார் இன்ஷூரன்ஸ் எல்லாம் அந்த வாக்குறுதியின்கீழ் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்த நம்பிக்கையில் சின்னவள் மறுபடி கல்லைத் தூக்கி வைத்தாள். ஆளைப் பற்றிச் சரியாகத்தான் கணக்குப் போட்டாள். ஆனால் உருப்படாத காரியம் என்றால் அத்தானுக்கு எங்கிருந்தோ சுறுசுறுப்பு வரும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் வந்து கணினியைத் திறந்தபோது எதுவும் திறக்கவில்லை. மின்னஞ்சல் பக்கத்தைத் தட்டினால் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பில் எச்சரிக்கை. மதிப்பீட்டாளரின் அழைப்புப் பக்கத்துக்கும் அதே எச்சரிக்கை. கூடத்தின் பேரில் பதிவான கணினியைத் தவிர வேறெதிலும் அந்த அழைப்பை எடுக்க முடியாது. தராசு எண்களைக் குறிக்கும் புரோகிராம் 'இதை வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. வரவேற்பறைக் கணினி, அப்பாவின் கணினி, ஒன்று பாக்கியில்லை.

அத்தான் தன் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் வந்தவராம். மூத்தவள் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, புருஷன் ஏதோ சாதித்துவிட்ட முகத்தோடு இருப்பதைப் பார்த்துக் கவலையோடு நின்றிருந்தாள்.

"என்ன பண்ணினீங்க?" என்றாள் சின்னவள்.

"பதறாதே. அழிக்கல. முறைப்படி விலக்கி வச்சிருக்கேன்."

அங்கேதான் இருந்தது விசேஷம். தேறாத கல்லை அந்தக் கூடத்தில் தூக்கி எறிய மாட்டார்கள். சிவப்புச் சீட்டு ஒட்டித் தனி அலமாரியில் விலக்கி வைப்பார்கள். தெரியாமல் யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. கணினியிலும் 'நம்பத்தகாதவை' என்று ஒரு பெட்டி இருப்பதை அத்தான் பார்த்திருக்கிறார். அவருக்குப் பரம சந்தோஷம். ஆஹா, இவர்களும் சிவப்பு அலமாரி வைத்திருக்கிறார்களே! அத்தனை ரூட் சான்றிதழையும் பிடித்து இழுத்து அதற்குள் போட்டுவிட்டார். அழித்திருந்தால்கூட கணினி தேவைப்பட்டதைத் தானாகத் திரும்பக் கொண்டுவந்திருக்கும். சிவப்பு அலமாரியில் போட்டதால், வாசலுக்கு வந்தவனை எல்லாம் 'நீயா, உன்னைப் பற்றித்தான் சொல்லி வைத்திருக்கிறார்களே' என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியது.

"அக்கா, உன் வீட்டுக்காரரை வெளியில கூட்டிட்டுப் போ" என்றாள் சின்னவள்.

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பூமியில இருக்கிற யாரையும் நம்ப மாட்டேன்னு நம்ம கம்ப்யூட்டர் சத்தியம் பண்ணிடுச்சு."

"பாத்தியா!" என்றார் அத்தான், பெருமையாக. "அதான் பாதுகாப்பு!"

மூத்தவள் டிபன் டப்பாவை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். இருபது வருஷக் குடித்தனம் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தற்காப்பு, நல்ல நேரத்தில் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவது.

சின்னவள் வேலையில் இறங்கினாள். எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளித் திரும்பப் போட்டுவிட முடியாது. 'நம்பத்தகாதவை' பெட்டியில் ஏற்கெனவே சில இருந்தன. உண்மையிலேயே கெட்டுப்போனவை, ஊரறிய ஏமாற்றி மாட்டிக்கொண்டவை. அத்தான் நல்லதையும் அதனோடு கொட்டிக் கலந்துவிட்டிருந்தார். அவள் தன் வீட்டு மடிக்கணினியைப் பக்கத்தில் திறந்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் கைரேகை மாதிரித் தனித்தனியாக உள்ள நீள எண்ணை ஒப்பிட்டு, நல்லதைத் தனியாகப் பிரித்து இந்தப் பக்கம் இழுத்தாள். பேரை மட்டும் பார்த்தால் போதாது. பேரை எவனும் வைத்துக்கொள்ளலாம்; அந்த எண் மட்டும் பொய் சொல்லாது.

அத்தானுடைய கணினிக்கு வந்தபோதுதான் அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நம்பத்தக்கவர்கள் பெட்டி காலியாக இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் அதில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. இலவசம் என்று அத்தான் எப்போதோ இறக்கிய ஏதோ ஒரு சில்லறைப் புரோகிராம் திருட்டுத்தனமாகச் சொருகிவிட்டுப் போன சான்றிதழ்.

"இதை மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?"

"அது சுத்தமானது. பாரு, வழங்கினவன் பேரு வேற, வாங்கினவன் பேரு வேற. மேல சாட்சி இருக்கு."

"அத்தான், இத்தனையிலயும் திருட்டு இது ஒண்ணுதான். இதை வச்சுக்கிட்டு நீங்க அனுப்பறது, வாங்கறது எல்லாத்தையும் எவனோ நடுவுல உக்காந்து படிச்சிட்டிருக்கலாம்."

அத்தான் சற்று யோசித்தார். "படிக்கட்டுமே" என்றார். "என் மெயில்ல என்ன தப்பா இருக்கு? படிச்சா அவனுக்கும் நாலு நல்ல விஷயம் தெரியும்."

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மகளைத் தனியாகத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அழைப்பு லேட்டாகும்போல இருக்கே. அவர் கேட்டா நெட்டு பிரச்சனைன்னு சொல்லிடு. வீட்டு மாப்பிள்ளை. மூணாம் மனுஷன் முன்னாடி விட்டுக்குடுக்க வேணாம்."

"அவர் கேக்கலைன்னா நானா சொல்ல மாட்டேன்பா. கேட்டா சொல்லிடுவேன்."

"இல்லம்மா…"

"கையெழுத்துன்னா என்னப்பா? 'இது உண்மை'ன்னு சொல்றதுதானே? அதை வாங்கப் போற இடத்துலயே ஒரு பொய்யா?"

அப்பா "சரி" என்றார். 'இருந்துட்டுப் போகட்டும்' என்பது தொண்டைவரை வந்திருக்கும், சொல்லவில்லை.

அழைப்பு தாமதமாகத்தான் கிடைத்தது. திரையில் மதிப்பீட்டாளர் தோன்றினார். பின்னால் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். எதிரே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று கேமராவைச் சற்று உயர்த்தி வைத்திருந்தார். அதனால் முகம் பாதிதான் தெரிந்தது, சுவர் முழுதாகத் தெரிந்தது. இந்த வகை ஆளைச் சின்னவள் தினமும் பார்க்கிறவள்.

"காலதாமதத்துக்குக் காரணம்?" என்றார் எடுத்த எடுப்பில்.

அப்பா மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

சின்னவள் நடந்ததைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரூட் சான்றிதழ்களைத் தவறாக விலக்கி வைத்துவிட்டார்கள், ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி வைத்தேன், இப்போது சரியாகிவிட்டது.

"ஏன் விலக்கினாங்க?"

"வழங்கினவர் பேரும் வாங்கினவர் பேரும் ஒண்ணா இருந்துதாம், சார்."

மதிப்பீட்டாளர் நிமிர்ந்தார். அப்போதுதான் முழு முகமும் திரைக்குள் வந்தது.

"அதாவது, தனக்குத்தானே வழங்கிக்கொண்ட சான்றிதழா?"

"ஆமா சார், ரூட்னா…"

"விலக்கினவர் யாரு? அவரைக் கூப்பிடுங்க."

அத்தானைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு பாய்ந்து வந்தார். சின்னவளின் நாற்காலியைப் பாதி பிடித்துக்கொண்டு திரைக்குள் நுழைந்தார்.

"சார், நான்தான் நம்பகத்தன்மைத் தலைவர்."

"பாராட்டறேன்!" என்றார் மதிப்பீட்டாளர். "எத்தனையோ கூடத்தைப் பாத்திருக்கேன். இந்த விழிப்புணர்ச்சியை எங்கயும் பாத்ததில்ல. ட்ரேசபிலிட்டி இல்லாத எதையும் நாம ஏத்துக்கக் கூடாது."

"அதையேதான் சார் நான் நாயா கத்தறேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்தவுடன் பிரிந்துபோன இரட்டையர்கள் கடைசியில் ஒரு வீடியோ அழைப்பில் சந்தித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு மதிப்பீட்டாளர் முகம் கடுத்தது. அது சின்னவள் பக்கம் திரும்பியது.

"நீங்க எந்த அதிகாரத்துல அதையெல்லாம் திருப்பி வச்சீங்க?"

"சார், அது இல்லைன்னா இந்த அழைப்பே கிடைச்சிருக்காது. உங்க கம்ப்யூட்டர்லயும் அதேதான் இருக்கும்."

"என் கம்ப்யூட்டர்லயா?" அவர் குரலில் தன் வீட்டுப் பரணில் எலி இருக்கிறது என்று சொல்லப்பட்டவரின் திகைப்பு. "எங்க பாக்கணும்?"

"நான் சொல்றேன் சார்!" என்றார் அத்தான்.

மதிப்பீட்டாளர் தன் திரையைப் பகிர்ந்தார். அத்தான் வழி சொன்னார். பட்டியல் திறந்தது. அதே பெயர்கள், அதே வரிசை, ஒவ்வொன்றும் தனக்குத்தானே. மதிப்பீட்டாளர் உச்சுக்கொட்டும் ஓசை ஒலிபெருக்கியில் கேட்டது.

"சார், அதை எடுக்காதீங்க" என்றாள் சின்னவள். "எடுத்தா எந்தப் பக்கமும் திறக்காது. உங்க அறிக்கையைக்கூட…"

"நான் உங்களைக் கேக்கல. அவரைக் கேட்டேன்."

"எல்லாத்தையும் மொத்தமா பிடிங்க சார்" என்றார் அத்தான். "அப்படியே இழுங்க. கீழ 'நம்பத்தகாதவை'ன்னு இருக்கு பாருங்க, அதுல விடுங்க. நிச்சயமான்னு கேக்கும். கேக்கட்டும்."

கேட்டது. மதிப்பீட்டாளர் நிச்சயம் என்று சொன்னார்.

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நடக்கிற அழைப்பு அறாது என்று அவளுக்குத் தெரியும். அது ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்ட விருந்தாளி. இனி வருகிறவனுக்குத்தான் கதவு கிடையாது. மதிப்பீட்டாளரும் அத்தானும் இன்னும் சற்று நேரம் உலகத்தின் தரக்குறைவைப் பற்றிப் பேசினார்கள். தராசு அறையைக் காட்டும்படி மதிப்பீட்டாளர் கேட்கவில்லை. ஈரப்பதம் ஏறினால் என்ன செய்வீர்கள், கல்லில் கீறல் விழுந்தால் என்ன செய்வீர்கள், ஒரே கல்லுக்கு இரண்டு விடை வந்தால் எதை எழுதுவீர்கள் என்று எத்தனையோ கேள்விக்கு அவள் தயாராகி வந்திருந்தாள். ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

"நேரமாயிட்டுது. மீதியை ஆவணத்துல பாத்துக்கறேன். சாயந்திரத்துக்குள்ள அறிக்கையை எங்க தளத்துல ஏத்திடுவேன்" என்றார். அத்தானுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொன்னார். அழைப்பு முடிந்தது.

"பிரமாதம்!" என்றார் அத்தான். "ஆனா சின்னு, நீ அவர்கிட்ட எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாது. நான் கொஞ்சம் எடுத்துச் சொல்லிச் சமாளிக்கறேன்."

சின்னவள் அவரைப் பார்த்தாள். திட்டுவதற்குச் சொல் தேடினாள். கிடைத்தது எதுவும் இந்த ஆளுக்குப் போதாது என்று விட்டுவிட்டாள்.

அந்த மதியம் அவள் தராசு அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. அறிக்கை எப்படி ஏறப்போகிறது? அந்த மனிதர் தன் வாசலைத் தானே செங்கல் வைத்து அடைத்துக்கொண்டுவிட்டார். இன்றைக்குள் அறிக்கை ஏறாவிட்டால் மதிப்பீடே நடக்கவில்லை என்று ஆகிவிடும். பிறகு அடுத்த ஆண்டு. பிறகு அத்தானின் சுழி. சந்தோஷப்படக்கூட முடியாத பழிவாங்கல் அது. விழுந்தது அவர் குழியில், மூழ்குவது இவள்.

வெயில் தாழும் நேரத்தில் அத்தானின் கைபேசி அடித்தது. சுவர் வழியாக அவர் பேசுவது கேட்டது. "ஆமா சார்… திறக்கலையா? ரொம்ப நல்லது சார்! அப்படின்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்… சார்? இல்ல சார், அப்படி இல்ல சார்… ஒரு நிமிஷம் சார்." கதவு திறந்தது. போன தடவை மாதிரித் தள்ளவில்லை, மெதுவாகத் திறந்தார்.

"சின்னு, உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

அவள் கைபேசியை வாங்கினாள். அத்தான் அங்கேயே நின்றார். அவள் கதவைக் காட்டினாள். போய்விட்டார்.

"மதிப்பீட்டாளர் பேசறேன்" என்றது குரல், காலையில் இருந்த அதே கம்பீரத்தோடு. "காலையில திருப்பி வச்சேன்னு சொன்னீங்கல்ல, அந்த முறையை எனக்குச் செஞ்சு காட்டணும். இதுவும் தேர்வுல ஒரு பகுதிதான். மாதிரிக்கு என் கம்ப்யூட்டரையே வச்சுக்கலாம்."

"உங்க பக்கம் எதுவும் திறக்கலையா சார்?"

"அப்படி இல்ல. திறக்குது. ஆனா, திறக்க மாட்டேங்குது."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியபின் பேசினாள்.

"சரி சார். காலையில போன இடத்துக்கே போங்க. 'நம்பத்தகாதவை' பெட்டியைத் தொறங்க. மொத்தமா பிடிக்காதீங்க. அதுல முன்னாடியே இருந்த சிலது நிஜமாவே கெட்டது, அது அங்கயேதான் இருக்கணும். நான் என் திரையைப் பாத்துப் பேரும் எண்ணும் சொல்றேன். நான் சொல்றதை மட்டும் அப்படியே விட்டுடுங்க, மத்ததை இழுங்க."

இழுத்தார். தவறான இடத்தில் விட்டார். மறுபடி எடுத்தார். "இது உங்க தேர்வுங்கறதை மறந்துடாதீங்க" என்று நடுநடுவே எச்சரித்தார். ஒருமுறை பட்டியலையே மூடிவிட்டு "காணோமே!" என்று அலறினார். அவள் பொறுமையாகத் திரும்ப அழைத்துவந்தாள். தராசு முன்னால் பழகிய பொறுமை அது. சூடு தணியாத கல்லுக்காகக் காத்திருக்கிறவளுக்கு இந்த ஆள் எம்மாத்திரம். கடைசியில் கணினியை அணைத்துப் போடச் சொன்னாள்.

"வந்துடுச்சு!" என்றார். உடனே குரலை மாற்றிக்கொண்டார். "ம். திருப்திகரம்."

"உங்க தளம் திறக்குதா சார்?"

"திறந்துட்டுது. அறிக்கைப் பக்கத்துக்கு வந்துட்டேன். தளம் மூடற நேரமாச்சு… இருங்க. இங்க ரெண்டு பட்டன் இருக்கே. மேல 'பரிந்துரைக்கிறேன்', கீழ 'பரிந்துரைக்கவில்லை'. எதை அமுக்கணும்?"

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை.

"அதை நீங்கதானே சார் முடிவு பண்ணணும்?"

"இப்ப கம்ப்யூட்டர் விஷயத்துல நீங்க சொல்றதைத்தானே கேட்டுட்டிருக்கேன். தப்பா எதையாவது அமுக்கி மறுபடி எல்லாம் போயிடுச்சுன்னா? சட்டுனு சொல்லுங்கம்மா."

கண்ணாடிக் கூண்டுக்குள் கல் தன் இடத்தில் அசையாமல் இருந்தது. இந்தக் கையெழுத்துக்காக அவள் எத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்திருக்கிறாள். ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்து, அவளைக் குடைந்து குடைந்து கேட்டு, உனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டு கொடுப்பான் என்று எண்ணியிருந்தாள். இப்படி, எந்தப் பொத்தான் என்று அவளையே கேட்டுக் கொடுப்பான் என்று எண்ணவில்லை.

"சார், ஒரு கேள்வி கேளுங்க."

"என்ன கேள்வி?"

"நிறையைப் பத்தி. எதுவா இருந்தாலும் சரி. ஒரே ஒரு கேள்வி."

"அதுக்கெல்லாம் இப்ப நேரம் ஏதும்மா! மேலயா, கீழயா?"

ஒரு நொடி, 'கீழ' என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் தன்மானத்துக்கு நல்லது. ஆனால் அடுத்த ஆண்டும் இதே ஆள் வருவார், இதே சுவரோடு. நடுவில் அத்தனை கல்லுக்கும் அத்தான் சுழி வைப்பார். தன்மானத்தைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது, கல்லை முடியும்.

"மேல சார்" என்றாள்.

"ஏத்தியாச்சு" என்றார் அவர். நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "கடுமையான மதிப்பீடுதான். ஆனா தேறிட்டீங்க. உங்க அத்தானுக்கு என் பாராட்டைச் சொல்லுங்க."

வெளியே அத்தான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருப்பது தெரிந்தது. அவள் திறந்ததும் நிமிர்ந்து நின்றார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"நான் சொல்லி வச்சேன்ல!" என்றார். உடனே கூடம் முழுக்கக் கேட்கும்படி "மாமா! சின்னுவுக்கு வாங்கிக் குடுத்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அந்தப் பக்கத்திலிருந்து அப்பா ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. ஆனால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவசரமாக எழும் ஓசை கேட்டது. அவர் எழுந்து வந்து மகளைப் பார்க்கப் போகிறார்.

சின்னவள் அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். அரைகுறையாக நின்றிருந்த நிறுவையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இடுக்கியால் கல்லை எடுத்து வைத்துவிட்டு, எண்கள் ஓடி ஓடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கதவைத் தட்டினார். தட்டிய அதிர்வில் எண்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள். "நான் கையெழுத்துப் போடப் போற கல்லு."